நான் சொன்ன நாலு வரி

நீங்க புத்தகத்தை மூட வேண்டாம் மேடம், படிங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வருவேன், காதில் விழுந்தால் விழட்டும். விசாகப்பட்டினம் வர இன்னும் மூன்று மணி நேரமாவது ஆகும். நான் அதையும் தாண்டி டிட்லாகர் வரைக்கும் போக வேண்டும். அங்கிருந்து ஜீப் பிடித்து இருபது கிலோமீட்டர். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பக்கம்தான் இருந்தேன், போர்வெல் வண்டியில் மேனேஜராக. திருச்செங்கோட்டு வண்டி. ஒரியா என் வாயில் தண்ணி மாதிரி வரும். இடுப்பு போய்விட்டது, அதனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்கே திரும்பிவிட்டேன்.

இப்போது எதற்குப் போகிறேன் என்றால், ஒரு கல்யாண விஷயம். பெண்ணைக் கூட்டி வரப் போகிறேன். நீங்க காலேஜில் பாடம் நடத்துவதாக டீ வாங்கும்போது சொன்னீங்களே, அதனால்தான் உங்களிடம் சொல்லத் தோன்றியது. பெண்பிள்ளைகளின் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம்தான் இதுவும்.

எங்க ஊரில் பெண் இல்லை மேடம். இருக்கிறார்கள், ஆனால் இல்லை. எல்லாம் படித்துப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். அப்பன் தோட்டத்தை விற்றுப் படிக்க வைத்தது எங்களுக்கு ஆகாமல் போயிற்று. என் தம்பி சென்னியப்பன் ஒன்பதாவது வரைக்கும் போனவன். எட்டாயிரம் முட்டைக்கோழி, ஐந்து ஏக்கர், மாடி வீடு. பதினேழு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். கடைசி வீட்டில் பெண் எம்.காம். காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு நேராகவே கேட்டாள், கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமுங்களா என்று. எங்க அம்மா சிரித்துக்கொண்டு, எங்க வீட்டுக்கு வந்தா உனக்கு எதுக்குக் கண்ணு வேலை என்றாள். அந்தப் பெண், சரிங்க என்று சொல்லிவிட்டு, தம்பி வாயில் வைக்கப்போன தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வாய்கூட அவன் குடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்து, தம்பியைப் பார்த்தால் காப்பி குடிச்சாச்சா சென்னி என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண். புரோக்கர் மூலமாக. எங்க பக்கத்தில் அது இப்போது சகஜம்தான், நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கேரளாப் பெண் இருக்கிறாள். இவள் நர்ஸிங் படித்தவள், அப்பன் இல்லாதவள். ஏழு மாசம் இருந்தாள். தம்பிக்குக் கோபம் வந்தால் கொஞ்சம் கை முன்னால் போகும், மற்றபடி தங்கமானவன். அதை அவள் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து, ஒரு வக்கீல் துணையில்லாமல், தானே எழுதிக் கொடுத்தாள். மலையாளத்தில் இரண்டு பக்கம், இங்கிலீஷில் இரண்டு பக்கம். இன்ஸ்பெக்டரே ஆச்சரியப்பட்டாராம், ஒரு பிழை இல்லை என்று. தம்பியை ஒரு நாள் பூரா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அத்தோடு அந்தக் கல்யாணம் தீர்ந்தது.

அன்றைக்கு அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். "இனி எழுத்துத் தெரிஞ்சவ யாரும் நம்ம வாசப்படி ஏறக்கூடாது, நாச்சிமுத்து. உனக்குத் தெரிஞ்ச ஊர்லயே பாரு."

நாச்சிமுத்து நான்தான்.

எனக்குத் தெரிந்த ஊர் என்றால் இப்போது போகிற ஊர்தான். அங்கே ஒரு குடும்பம். அவர்கள் பொட்டலில் துளை போட்டு நானூறு அடியில் தண்ணி கொண்டு வந்தவன் நான். இரண்டு பெண்கள். பெரியவள் பசந்தி. வாசலில் உட்கார்ந்து அப்பனிடம் ஒளிக்காமல் சொன்னேன்: எங்களுக்கு நகை வேண்டாம், எதுவும் வேண்டாம், கல்யாணச் செலவும் எங்களுடையது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணாக இருந்தால் போதும். அந்த ஆள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை ஐயா என்றான். சின்னவள் மினதி, அப்போது பதினேழு வயசு இருக்கும், என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அப்பன் ஒரு பார்வை பார்த்தான், உள்ளே போய்விட்டாள். அம்மாக்காரி கதவுக்குப் பின்னால் நின்றாள், முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் கோயிலில் தம்பி தாலி கட்டினான். ரயிலில் இதோ இந்த மாதிரி ஜன்னலோர சீட்டில்தான் வந்தாள். ஆற்றுப்பாலம் வரும்போதெல்லாம் எழுந்து பார்த்தாள்.

வீட்டில் பெயரை வசந்தி என்று ஆக்கினோம். பெரிய மாற்றம் இல்லை பாருங்க. அம்மா வாயில் அதுதான் வந்தது.

அவளுக்குத் தமிழ் தெரியாது, வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் அவள் பாஷை தெரியாது. ஆக, அந்த வீட்டில் எது பேசினாலும் என் வழியாகத்தான் போக வேண்டும். நான் அதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டேன் மேடம். இந்தப் பக்கத்துப் பேச்சை அப்படியே அந்தப் பக்கம் கொட்டினால் குடும்பம் நிற்காது. அம்மா ஏதாவது கடுமையாகச் சொன்னால் நான் அதில் பாதியை விழுங்கிவிடுவேன். அவள் சொல்வதிலும் அப்படித்தான். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி கழிந்ததும் அவர்கள் ஊரில் புது அரிசிப் பண்டிகை வரும், எந்த ஊரில் இருந்தாலும் சொந்த வீட்டுக்குப் போய் அந்தச் சோற்றைச் சாப்பிட்டாக வேண்டும். என்னை அனுப்பச் சொல்லுங்க, நாலே நாள் போதும் என்றாள். அம்மா என்னடா சொல்றா என்று கேட்டாள். நம்ம வீட்டு அரிசி ரொம்ப நல்லா இருக்குதாமாம் என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம், அன்றைக்கு ஒரு கரண்டி கூடப் போட்டாள். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாப்பிட்டாள். இப்படிச் சின்னச் சின்னதாக எத்தனை சண்டையை நான் வராமலே தடுத்திருப்பேன்.

ஒரே ஒரு தடவைதான் கொஞ்சம் சங்கடமாயிற்று. கல்யாணமாகி ஆறாவது மாசம். வலது கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். அவளிடம் கேட்டேன். பிடித்து முறுக்கினார் என்றாள். நான் டாக்டரிடம், கோழிக் கொட்டகையில் வழுக்கி விழுந்தாளாமுங்க என்றேன். நீங்க வெளியே நில்லுங்க, நான் அவகிட்டயே கேட்டுக்கறேன் என்றார். நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஒரு சத்தமில்லை. பத்து நிமிஷம். அப்புறம் டாக்டரே கதவைத் திறந்து, கட்டுப் போட்டிருக்கேன் கூட்டிட்டுப் போங்க என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நம்ம ஊரில் எம்.ஏ. படித்தவளாகவே இருக்கட்டும், அந்த மலைக்காட்டில் கொண்டுபோய் விட்டால் பஸ் போர்டு படிக்கத் தெரியாதவள்தானே. படிப்பு என்று நாம் பெரிதாகச் சொல்கிறோம், அது நாலு ஸ்டேஷன் தாண்டினால் செல்லாது. நீங்க காலேஜில் இருக்கிறீங்க, தப்பாக எடுத்துக்காதீங்க.

அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவுமே சொல்வதில்லை. குறை என்று ஒன்றும் சொல்வதில்லை. மனசு நிம்மதிப்பட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சாப்பிடுங்க, தண்ணி, முட்டை, சரிங்க, இந்த நாலு தமிழ் வார்த்தையில் அவள் காலம் ஓடியது. பண்ணையில் உடைசல் முட்டை விற்பது மட்டும் அவள் பொறுப்பு. வியாழக்கிழமை ஆனால் நூல் மில் ஹாஸ்டலில் சமைக்கிற பிரமிளா வந்து இரண்டு தட்டு வாங்கிப் போவாள். பிரமிளாவும் அந்தப் பக்கத்துக்காரிதான், நாற்பது வயசு இருக்கும், பத்து வருஷமாக இங்கே இருந்து நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். இரண்டு பேரும் முட்டையை எடுத்து வைக்கிற நேரம் மட்டும் பேசிக்கொள்வார்கள். அதில் என்ன பேசிவிட முடியும்.

அவள் அம்மாவோடு பேசுவது சந்தை நாளில். அங்கே டவர் கிடையாது, அம்மாக்காரி சந்தைக்கு வந்து கடைக்காரன் போனில் கூப்பிடுவாள். என் போனில்தான் வரும். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன், திடீரென்று கட்டாகிவிட்டால் மறுபடி போட்டுக் கொடுக்க வேண்டுமே. அம்மாக்காரி முதல் தடவை கேட்டது என்ன தெரியுமா? அங்கே மழையா பசந்தி என்று. எங்க வீட்டை ஒட்டித்தான் பண்ணை, எட்டாயிரம் கோழி கொத்துகிற சத்தமும் கொக்கரிக்கிற சத்தமும் சேர்ந்து போனில் மழை மாதிரி கேட்கும். கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு பேசினாலும் கேட்கும். ஆமாம்மா மழை என்று இவள் சொன்னாள். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் இன்னும் மழை விடலையா என்று அவள் கேட்பதும், விடலை என்று இவள் சொல்வதும், எனக்குச் சிரிப்பாக வரும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் நானே அந்த அம்மாவிடம் பேசினேன். சின்னவளையும் எங்க வீட்டுக்கே கொடுங்கள், அக்காவுக்குத் துணையாக இருக்கும் என்று. அந்தம்மா சொன்னாள்: "பெரியவ தன் கையால எழுதிக் குடுக்கட்டும். நான் நல்லா இருக்கேன், தங்கச்சியை அனுப்புன்னு. அவ எழுத்தைப் பாத்தா அனுப்பறேன்."

நான் திகைத்துவிட்டேன். அவளுக்கு எழுதத் தெரியாதே என்றேன். அந்தம்மா சிரிக்கவில்லை. பன்னிரண்டாவதில் ஸ்கூலிலேயே முதல் ஆள் அவ, அவங்கப்பா உங்களிடம் பொய் சொல்லிட்டார், மார்க் ஷீட்டை அவ பெட்டியில நான்தான் வெச்சு அனுப்பினேன் என்றாள்.

மார்க் ஷீட். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. சமையல்கட்டில் தயிர்ச் சட்டிக்கு அம்மா மூடியாக வைத்திருந்தாள், பிளாஸ்டிக் உறை போட்ட, ஓரத்தில் போட்டோ ஒட்டின தாள். கல்யாணமாகி வந்த வாரமே அவள் பெட்டியிலிருந்து எடுத்தது, சரியான அளவாக இருக்கிறது என்று. ஏதோ ரேஷன் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு வருஷமாகத் தினமும் அதை எடுத்துவிட்டுத்தான் தயிர் போட்டுக்கொள்கிறோம். தயிர்ச் சட்டி மேல் இருக்கிற தாளை யாராவது படித்துப் பார்ப்பார்களா? அவளும்தான் தினமும் அதைக் கழுவித் துடைத்து வைத்தாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வேடிக்கையைப் பாருங்க. எங்க பக்கத்து அப்பன் மகள் படித்ததற்கு மேலே ஒன்று கூட்டிச் சொல்வான். அந்தப் பக்கத்து அப்பன் எனக்காக எல்லாவற்றையும் கழித்துச் சொல்லியிருக்கிறான்.

எங்க அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. பசந்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். உனக்கு எழுதத் தெரியுமாமே என்றேன். அவள் மறுக்கவில்லை, பயப்படவும் இல்லை. யார் சொன்னது என்று மட்டும் கேட்டாள். உங்கம்மா என்றேன். என்ன எழுத வேண்டும் என்றாள். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். இங்கே எல்லாரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மினதியை அனுப்பு. படிப்பை நிறுத்திவிடு. நாலு வரி. 

நிதானமாக எழுதினாள். அந்த வலது கை இன்னும் முழுசாக மடங்காது, அதனால் நேரம் எடுத்தது. நான் சொல்லி முடித்துவிட்டேன், அவள் எழுதி முடிக்கவில்லை. தாளைத் திருப்பி அந்தப் பக்கமும் எழுதினாள். என்ன இவ்வளவு என்றேன். எங்க எழுத்து பெரிய எழுத்து மாமா என்றாள். உண்மைதான், ஒரியா எழுத்தை நீங்க பார்த்திருப்பீங்க, ஒவ்வொன்றும் தலைக்கு மேல் குடை பிடித்த மாதிரி வட்டமாக இருக்கும். இடம் பிடிக்கத்தானே செய்யும். பேசத்தான் எனக்குத் தெரியும், படிக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் அதற்கு அவசியம் வரவில்லை.

என்ன கேட்டீங்க? யாரிடமாவது காட்டினேனா என்றா? காட்டாமல் இருப்பேனா மேடம், நானும் உலகம் தெரிந்தவன். ஹாஸ்டலுக்குப் போய்ப் பிரமிளாவிடம் கொடுத்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை படித்தாள். எழுந்துபோய்க் கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்புறம் மடிப்புக் கலையாமல் மடித்து என்னிடமே தந்தாள். நீங்க சொன்ன நாலு வரிதான் அண்ணா, நல்லா எழுதியிருக்கா என்றாள். எந்த வண்டியில போறீங்க, எந்தப் பெட்டி என்று கேட்டாள். சொன்னேன். அவளே குறித்துக்கொண்டாள். எனக்கு அந்த ஊருக்குப் பக்கத்து ஊர்தான், சொல்லி வைக்கிறேன், ஸ்டேஷனுக்கே ஆளுங்க வருவாங்க என்றாள். ஜீப் செலவு மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு அந்த ஊரில் அப்படி ஒரு மரியாதை.

ஆமாம் மேடம். மாப்பிள்ளை நான்தான். முதலிலேயே சொல்லவில்லையா? இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியதில் எனக்கென்று ஒன்றும் அமையவில்லை. நாற்பத்தெட்டு ஆகிறது. அவளுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. காலேஜ் முதல் வருஷம், டீச்சராக வேண்டும் என்கிறாளாம். படித்தவள்தான், இந்தத் தடவை அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. எங்க வீட்டில் அவள் எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள்? பேசுவதென்றால் என்னிடம்தானே பேச வேண்டும்.

நீங்க ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

இருங்க, போன் அடிக்கிறது. பிரமிளா நம்பர். 

மன்னிக்கணும் மேடம், பசந்திதான் பேசினாள். பிரமிளா போனிலிருந்து. தம்பி எங்கே, அவன் போன் என்ன ஆச்சு என்று கேட்டேன். அவரு தூங்கறாருங்க மாமா என்றாள். காலை மணி பதினொன்று ஆகிறது. முட்டை லாரி வந்து நிற்கிற நேரம், இந்நேரத்தில் அவன் தூங்கி நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் கொடு என்றேன். வண்டி எங்கே வந்திருக்கு என்று கேட்டாள். தமிழில் கேட்டாள் மேடம், முழுசாக, எங்க ஊர்ப் பேச்சில். நான்கூட ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்துவிட்டேன். எப்போது கற்றுக்கொண்டாளோ.

இன்னொன்று. கோழிச் சத்தமே இல்லை. அந்த மழைச் சத்தம். எங்க வீட்டிலிருந்து எந்தப் போன் வந்தாலும் அது இல்லாமல் இருக்காது. பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் ரயில் நம்பர் சொல்கிற மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அது நம்ம வண்டி தாண்டின ஸ்டேஷன் சத்தமாக இருக்கும். டவர் சரியில்லை.

திருப்பிப் போட்டால் எடுக்கவில்லை. தம்பி நம்பரும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இல்லை, அடுத்த ஸ்டேஷனில் எதற்கு இறங்க வேண்டும்? நீங்க சொல்வது எனக்குப் புரியவில்லை. லெட்டர் பத்திரமாக இருக்கிறது. இதோ, சட்டைப் பையில். வியர்வையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு அவளே ஓரத்தை ஒட்டித் தந்தாள். அந்த மார்க் ஷீட் போட்டிருந்த உறைதான். நேற்று கிளம்பும்போது தயிர்ச் சட்டி மேல் ஒரு தட்டு இருந்தது, நான் கவனித்தேன்.

போனில் கடைசியாகச் சொன்னதும் லெட்டரைப் பற்றித்தான். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். "நீங்களே உங்க கையால குடுங்க மாமா. அப்பா வாங்க வேண்டாம், மினதி வாங்கட்டும். ஊர் நடுவுல நின்னு சத்தமாப் படிக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும். படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க எந்திரிக்காம உக்காந்திருக்கணும்."

அப்படியே ஆகட்டும் என்றேன். பெரியவன் என்று எனக்கு ஒரு மரியாதை கொடுத்துத்தானே சொல்கிறாள். உட்கார்ந்திருப்பதில் என்ன? எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது மேடம், நாலு வரிதானே.